சத்தம் போடாத பாதை

புதிதாகச் சாலை வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் என்னைப் பார்க்க வந்தால் பாலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், புயலில் அடித்துக்கொண்டு போன ரோட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். அதையெல்லாம் சொல்ல ஆள் நிறைய இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது ஒரு வீட்டின் வெளிவாசலிலிருந்து போர்டிகோ வரைக்கும் கார் போகிற ஒரு துண்டுப் பாதையைப் பற்றி. வாசலில் நின்று கல்லை விட்டெறிந்தால் அடுத்த கோடியில் விழும், அவ்வளவுதான் நீளம். ஆனால் என் வேலைக்காலம் முழுவதிலும் அந்தப் பாதையில் குழம்பியதைப் போல நான் வேறெங்கும் குழம்பியதில்லை. எந்த இடத்துக்கு எந்தச் சரளை என்றுதான் பாடப்புத்தகத்திலேயே அட்டவணை இருக்கிறதே என்பீர்கள். எனக்கும் அது மனப்பாடம். அதனால்தான் வினையே வந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் ராமநாதபுரத்தில் ஒரு காண்டிராக்டரிடம் ஓவர்சியராக இருந்தேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் பிறந்தவன். வேலைக்கு வரும்வரை கடலைப் பார்த்ததில்லை, கடற்கரை ஊர்களின் நடைமுறையும் தெரியாது. அப்போதுதான் கீழக்கரைப் பக்கம் ஒரு ஊரிலிருந்து அந்த வேலை வந்தது. வீட்டுக்காரர் கொழும்பில் வியாபாரம் செய்கிற முஸ்லிம் முதலாளி. புதிதாக ஒரு கறுப்புக் கார் வாங்கியிருந்தார். அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் கார்.

பாதை என்று அங்கே இருந்தது வெறும் கடற்கரை மணல். அதன்மேல் பாம்பன் பக்கத்திலிருந்து வருகிற வெள்ளைக் கடல்பாறைக் கல்லை உடைத்துக் கொட்டியிருந்தார்கள். அதைப் பாதை என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் வாய் வராது. காலை வைத்தால் நறநறவென்று கணுக்கால் வரைக்கும் உள்ளே போகும். கார் வந்த முதல் நாளே பின்சக்கரம் புதைந்து, வேலைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கார் உள்ள வர்றது எனக்கே தெரியக் கூடாது தம்பி. அம்புட்டு வழுவழுன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, தனுஷ்கோடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய்விட்டார்.

எப்படிப் போட்டேன் என்பதை விட்டுவிடுகிறேன், உங்களுக்குத் தெரியாததா. மணல் எந்தக் கல்லையும் விழுங்கிவிடும் என்பதால் முதலில் பனையோலை பரப்பி, மேலே கண்மாய்க் களிமண், அதற்கு மேலே சிவகங்கைப் பக்கத்துச் செஞ்சரளை. தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, உருளையை இழுத்து இழுத்து இறுக்கினேன். எங்கள் காண்டிராக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. முடிந்த பாதையில் மாட்டுவண்டியை ஓட்டச் சொல்லிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். எங்கேயாவது ஒரு கல் முனகினால் "பிரிச்சுப் போடு" என்பார். அந்த வீட்டில் வண்டி போனபோது மாட்டின் மூச்சு மட்டும்தான் கேட்டது. அவர் என் தோளில் தட்டினார். அவர் யார் தோளிலும் தட்டுகிற ஆள் இல்லை. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

மறுவாரமே அந்த வீட்டுக் காரியஸ்தர் எங்கள் கொட்டகைக்கு வந்தார். வயதானவர், ஊரே அவரைக் காக்கா என்று கூப்பிடும். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனுக்குக் காக்கா என்று பேர். அக்காவுக்கு ராத்தா, அப்பாவுக்கு வாப்பா. முதலாளியின் மனைவியை எல்லோரும் ராத்தா என்றுதான் சொன்னார்கள்.

"ராத்தாவுக்கு ரோடு சரிப்படலையாம்" என்றார்.

"என்ன சரிப்படல, காக்கா?"

"அது தெரியல. முன்ன இருந்த மாதிரி ஆக்கிக் குடுத்துரச் சொல்றாக."

"முன்ன இருந்தது ரோடே இல்லையே. கார் புதைஞ்சப்ப நீங்களும்தானே தள்ளுனீக?"

"தள்ளுனேன். இன்னும் இடுப்பு வலிக்குது. ஆனா அப்படித்தான் சொல்றாக."

அன்றைக்கெல்லாம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. பாதையின் நடுமேட்டு வளைவு சரியாக இருக்கிறதா என்று கயிறு கட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் அழகாக ஓடி வடிந்தது. ஒரு நல்ல பாதையைக் கொடுத்தால் பழைய குப்பையைக் கேட்கிற மனுஷியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? யோசித்து யோசித்து, சரி, நிறம்தான் காரணம் என்று முடிவுக்கு வந்தேன். முன்பு வெள்ளையாக இருந்தது, இப்போது சிவப்பாகிவிட்டது. காலில் ஒட்டி வீட்டுக்குள் செம்மண் கறை படிகிறது போலிருக்கிறது. கடல்பாறைத் தூளைக் கொண்டுவந்து மேலே மெல்லிசாகத் தூவி, தண்ணீர் தெளித்து, மறுபடி உருளை போட்டேன். வெயிலில் கண் கூசியது. சுண்ணாம்பு கெட்டிப்பட்டுப் பாதை முன்னிலும் வழவழப்பாகிவிட்டது.

காக்கா திரும்ப வந்தார். "இன்னும் மோசமாப் போச்சாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மோசம்னா எப்படி மோசம்னு கேட்டுச் சொல்லுங்க. எனக்கு ஜோசியம் தெரியாது."

"கேட்டேன். அந்தத் தம்பிக்கு அதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை, பழைய மாதிரி ஆக்குனாப் போதும்கிறாக."

முதலாளி ஒன்று சொல்கிறார், வீட்டம்மா நேர்மாறாகச் சொல்கிறார், நடுவில் இருக்கிறவரோ தனக்கு எதுவும் தெரியாது என்கிறார். இந்த நிலைமை உங்களுக்கும் வரும். வந்தால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அங்கங்கே கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கலாம் என்று நினைத்து, இன்னும் கனமான உருளையைக் கொண்டுவந்து மூன்றாவது தடவையும் இறுக்கினேன். ஏன் பிடிக்கவில்லை என்று தெரியாமலே, பிடிக்காததை மேலும் மேலும் செய்துகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில், ஈரம் காய்ந்ததா என்று பார்க்கத் தனியாகப் போனேன். வெளிவாசல் திறந்துதான் இருக்கும், நான் பழகிய ஆள், நேரே உள்ளே நடந்தேன். அந்த வீட்டின் முன்கூடத்துக்கு வரிசையாக ஜன்னல்கள் உண்டு. வேலை தொடங்குவதற்கு முன்பு அளவெடுக்கப் போனபோதும் சரி, பிறகும் சரி, நான் பார்த்தவரைக்கும் அவை சாத்தியே இருக்கும். பெண்கள் கோஷாவில் இருக்கும் வீடு, எப்போதும் சாத்தித்தான் வைத்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, இந்தப் புழுக்கத்தில் எப்படித்தான் இருக்கிறார்களோ என்று பரிதாபமும் பட்டிருக்கிறேன். அன்றைக்கு அத்தனை ஜன்னலும் திறந்திருந்தன. குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நடந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. போர்டிகோவுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் மாதிரி தெரிந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல். உள்ளே பாய் விரித்துச் சிறுமிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் சிலேட்டு. பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு பெண் எழுந்து நின்று சுவரில் மாட்டிய கரும்பலகையில் வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள். அந்தப் பெண் சாக்குக்கட்டியோடு திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். யாரும் கத்தவில்லை. ஒரு சிலேட்டு விழுந்து உடைந்தது. அடுத்த நிமிஷம் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. நான் திருடனைப் போல அங்கேயே நின்றேன்.

காக்கா பண்டகசாலைப் பக்கமிருந்து ஓடி வந்தார். "அங்கன ஏன் போனீக?"

"ரோடு பாக்கத்தான், காக்கா. எப்பவும் வாரதுதானே?"

"நீங்க வந்தது உள்ள யாருக்கும் கேக்கலையே."

"ரோடு எதுக்குக் கேக்கணும்?" என்றேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் காக்காவிடமிருந்து வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. ராத்தாவின் குரலை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்கிறேன். சத்தம் போடாமல், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்.

"தம்பி, உங்க மேல கோவம் இல்ல. இந்தப் பிள்ளைக குர்ஆன் ஓதி முடிச்சதும் வீட்டுல உக்கார வச்சுருவாக. நான் கொழும்புல எங்க வாப்பாவோட இருந்தப்ப எட்டாவது வரைக்கும் படிச்சவ. இதுகளுக்குத் தமிழ் எழுதவும் கணக்குப் போடவும் சொல்லித் தாறேன். பின்வாசல் வழியா, வீட்டுக்கு வீடு உள்ளுக்குள்ளயே இருக்குற நடை வழியா வந்துருவாக, தெருவுல கால் வைக்க மாட்டாக. வெளி ஆம்பள கண்ணுல படக் கூடாது, வெளிய பேச்சும் வரக் கூடாதுன்னு சொல்லித்தான் வாப்பாமார் அனுப்புனாக. அதான் உங்ககிட்ட காரணம் சொல்லல. பழைய கல்லுல யாரு வந்தாலும் வாசல்லயே கேக்கும். ஜன்னலைச் சாத்திருவோம்."

சாத்தியே இருக்கும் ஜன்னல்கள் என்று நான் நினைத்தவை எல்லாம், என் காலடி கேட்டுச் சாத்தப்பட்ட ஜன்னல்கள்.

"வாசக்கதவைப் பூட்டி வைக்கலாமே? இல்லாட்டி ஒரு மணி கட்டலாமே?" என்றேன்.

"பூட்டுனா உள்ள என்னமோ நடக்குதுன்னு பேசுவாக. மணி அடிக்கிறதும் அடிக்காததும் வாறவன் இஷ்டம். கல்லு மேல நடக்காம எவனும் வர முடியாது." பிறகு, "நீங்க போட்டது நல்ல ரோடுதான். ஆனா நாளைக்கு ஒரு பிள்ளையும் வராது" என்றார்.

அப்படியே ஆயிற்று. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வகுத்தல் கணக்கு பாதியில் நிற்கிற கரும்பலகையை ராத்தா அழிக்கவில்லை என்று காக்கா சொன்னார். பாதையில் ஒரு குற்றமும் கிடையாது, அதை நான் இன்றைக்கும் எவனிடமும் சொல்வேன். குற்றமில்லாத ஒரு பாதையால் ஒரு பள்ளிக்கூடம் மூடிப் போகும் என்பதை மட்டும் எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கதவுக்கு வெளியே நின்று ராத்தாவிடம் கேட்டேன். "ஜன்னலைச் சாத்த எம்புட்டு நேரம் வேணும்?"

"ஒரு பிள்ளை எந்திரிச்சுப் போயிச் சாத்துற நேரம்."

தம்பிகளா, இதற்கு அட்டவணை கிடையாது. எவ்வளவு பாரம் தாங்கும், எத்தனை மழை தாங்கும் என்று கல்லைக் கேட்டிருக்கிறேன். எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்று அதுவரை கேட்டதில்லை. எந்தக் காண்டிராக்டர் சத்தம் வந்தால் பிரித்துப் போடச் சொல்வாரோ, அவரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சத்தம் போடுகிற பாதையைத் தேட ஆரம்பித்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

முதலில் பழைய கடல்பாறைக் கல்லையே கொஞ்சம் வாசலில் கொட்டினேன். காய்ந்திருக்கும்போது நன்றாகத்தான் கத்தியது. டிரைவர் காரை நாலு தடவை ஏற்றியதும் மாவாகிவிட்டது, தண்ணீர் பட்டதும் அந்த மாவு பிடித்து மறுபடி ஊமையாயிற்று. பிறகு வைகைக் கூழாங்கல். உருண்டை உருண்டையாகப் பார்க்க லட்சணம், காலுக்கும் சுகம். ஆனால் சக்கரம் பட்டால் இரண்டு பக்கமும் உருண்டு ஓடி, நடுவில் வழுக்கையாக ஒரு தடம் விட்டது. வருகிற ஆள் அந்த வழுக்கையில்தானே நடப்பான்? கடைசியாக, ரயிலில் வந்து ராமநாதபுரம் ஸ்டேஷனில் கிடந்த கருங்கல் ஜல்லி. பெரிய ஜல்லி கால் இடறியதே தவிர அதிகம் பேசவில்லை. அரை அங்குல ஜல்லிதான் சரிப்பட்டது, முனை கூரானது, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், உருண்டு ஓடாது, மிதித்தால் நறுக்கென்று கேட்கும். நான் இறுக்கி இறுக்கி வைத்த செஞ்சரளை அதற்கு அடியில் இருந்ததால் மணலுக்குள்ளும் இறங்கவில்லை. என் மூன்று தடவை உருளையும் வீண்போகவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஒவ்வொரு வகைக் கல்லாகப் பரப்பி நான் நடப்பேன், ராத்தா உள்ளே கூடத்தில் உட்கார்ந்து, கேட்டதும் கதவைத் தட்டுவார். செருப்போடு நடந்தேன், செருப்பில்லாமல் நடந்தேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கருங்கல் ஜல்லியில் நான் வாசலைத் தாண்டி இரண்டாவது அடி வைப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

காக்காதான் பயந்தார். "முதலாளி வந்து பாத்தா என்ன சொல்றது? கல்லு தெறிச்சுக் காருல கீறல் விழுமே?"

"அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன். கீறுனா பெயிண்டு அடிச்சுக்கலாம்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்த குரல்.

ஆனால் கல் தயாராகிவிட்டால் பிள்ளைகள் வந்துவிடுவார்களா? வாப்பாமார் நம்ப வேண்டுமே. சாயங்கால அசர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து அவர்களைக் காக்கா அழைத்து வந்தார். பிள்ளைகளும் சோதித்துப் பார்க்க அன்றைக்கு ஒருநாள் மட்டும், எப்போதும்போலப் பின்வாசல் வழியாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்திருப்பது, ஆள் வருவது கேட்டால் சாத்துவது, இதுதான் ஏற்பாடு. தகப்பன்மார் எல்லோரும் தெருவிலேயே நின்றார்கள். அவர்களுக்காகப் பேசியவர் சொந்தமாகத் தோணி வைத்திருந்த ஒருவர். நெட்டையான மனிதர், சிரிப்பே கிடையாது. கரும்பலகையில் கணக்குப் போட்டவள் அவருடைய மகள்தான் என்று காக்கா என் காதில் சொன்னார்.

நான் செருப்புக் காலோடு நடந்து காட்டினேன். ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"செருப்புப் போட்டு நடந்தா யாருக்கும்தான் கேக்கும். கள்ளத்தனமா வாறவன் செருப்பு மாட்டிக்கிட்டா வருவான்?"

ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு, தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தோணிப் பலகையில் பிறந்ததிலிருந்து நடந்த கால். ஜல்லியில் பாதத்தை வைப்பதும் தெரியவில்லை, எடுப்பதும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே சத்தம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருந்தது. நான் ஜன்னல்களையே பார்த்தேன். ஒன்று சாத்திக்கொண்டது. அதற்கடுத்தது. வரிசையாக எல்லாம் மூடிக்கொண்டு வந்து, கடைசி ஜன்னல் மட்டும் திறந்தபடியே நின்றது. அவர் நடந்துகொண்டே இருந்தார். அது மூடவில்லை. பாதி தூரத்துக்கு மேல் போய்விட்டார். அப்போதும் மூடவில்லை.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். "அங்கன பாத்தீகளா? ஒண்ணு தொறந்தே கெடக்கு."

காக்கா கண்ணை மூடிக்கொண்டார். என் வேலையும் அந்தக் கூடமும் அந்த ஒரு ஜன்னலோடு முடிந்தது என்று நினைத்தேன். எதனால் தவறியது என்பதும் புரியவில்லை, மற்றவர்களுக்குக் கேட்டது அந்த மூலையில் மட்டும் ஏன் கேட்கவில்லை?

திறந்த ஜன்னலிலிருந்து ஒரு சிறுமியின் குரல் வந்தது.

"வாப்பா, நீங்கதான்னு நடையிலேயே தெரிஞ்சுருச்சு. செருப்பைப் போட்டுக்கங்க, கல்லு குத்தும்."

அவர் அப்படியே நின்றார். கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். போட்டுக்கொள்ளவில்லை. அதே வெறுங்காலோடு, இந்தத் தடவை கல்லெல்லாம் நறநறவென்று கத்தும்படி ஊன்றி நடந்து, வாசலுக்குத் திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. காக்காவிடம் கேட்டார்.

"காலையில எத்தனை மணிக்கு அனுப்பணும்?"